கிரீஸ் நாட்டுத் தெசலோனிகியில் இருக்கும் மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

புது வீடு முடிந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். சந்தோஷம். அதைப் பற்றிக் கேட்க நான் எழுதவில்லை. இத்தனை வருஷம் கிரேக்க வரலாறு நடத்திய வாய், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பழைய ஏதென்ஸில் ஒரு மெதிம்னோஸ் பார்லியின் விலைக்கு மேல் பெண் தானாக வியாபாரம் பேச முடியாது. ஏறக்குறைய ஐம்பது லிட்டர், அவ்வளவுதான். சீதனத்தில் மட்டும் சட்டம் கெட்டி. மணமுறிவானால் கணவன் அதைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் நூறு திராக்மாவுக்கு மாதம் ஒன்பது ஓபோல் வட்டி. ஆறு ஓபோல் ஒரு திராக்மா என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். ஆனால் பணம் அவள் கைக்கு வராது, பிறந்த வீட்டு ஆம்பிளையிடம் போகும்.

கிரீட் தீவில் கோர்த்தின் நகரத்துச் சட்டக் கல்வெட்டைப் பார். கி.மு. 5ஆம் நூற்றாண்டு, பன்னிரண்டு பத்தி. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. பிரிந்து போகும்போது கொண்டுவந்ததையும், தான் நெய்த துணியில் பாதியையும் எடுத்துப் போகலாம். நெய்ததில் பாதி! குற்றம் கணவன்மேல் என்றால் அவன் ஐந்து ஸ்டேட்டர் காசும் தர வேண்டும்.

அங்கிருந்து 1952-க்கு வந்துதான் கிரீஸ் பெண்களுக்கு முழு ஓட்டுரிமை. 1934 உள்ளாட்சித் தேர்தலில் முப்பது வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு மட்டும். சீதனத்தை, அவர்கள் சொல்கிற ‘ப்ரீகா’வை, 1983-ல்தான் சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

அதே 1983 சட்டம் உனக்கும் உதவும். கல்யாணமானாலும் அவரவர் சொத்து அவரவருக்கே. பதிவான நோட்டரி பத்திரத்தில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர். மணமுறிவானால், கல்யாணத்துக்குப் பின் மற்றவருக்குச் சேர்ந்த சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உன் உழைப்பால் வந்தது என்று கோர்ட் அனுமானிக்கும். தானமாக, வாரிசாக வந்தது அதில் சேராது. இரண்டு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் போச்சு. உன் சம்பளத்திலிருந்து போன ஒவ்வொரு யூரோவுக்கும் வங்கி ரசீதை எடுத்து வை. மாப்பிள்ளை நல்லவர்தான். ரசீதை எடுத்து வை.

ஏதென்ஸில் அண்ணன் தம்பி உள்ள பெண்ணுக்குச் சீதனம்தான், பங்கு கிடையாது. வகுப்பில் அதைக் குறை சொன்னவள்தான், உன்னைச் சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்துப்போய் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுத வைத்தேன். 1989-லிருந்தே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை இங்கே தமிழ்நாட்டில் உண்டு என்று தெரிந்தே, "நகை போட்டாச்சே" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டாய். தப்பு என்னுடையது மீனா.

நேரமானாலும் கூப்பிடு. அப்பா தூங்கின பிறகும் நான் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா