படித்துறைக்கு வந்த விருந்தாளிகள்: நம் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன ஆடிப் பதினெட்டன்று நம் படித்துறையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டுத் தம்பதி, கூட்டத்தைக் கண்டு காரை நிறுத்தி இறங்கினார்கள். ஈரப் புடவையோடு நின்ற பெண்களை அந்த அம்மா படமெடுக்க, ஒருவர் சத்தம் போட்டார். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. என் பெரியம்மாதான் அவரை உட்காரவைத்து, மஞ்சள் கயிறு கட்டி, ஒரு பிடி காப்பரிசி கொடுத்தார். ஆற்றில் விட்ட காதோலை கருகமணியைக் காட்டி, எதற்கென்று சைகையில் கேட்டார் அந்த வெளிநாட்டு அம்மா. காவிரி மசக்கையாக இருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீர் செய்கிறோம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் ஆங்கிலம் வரவில்லை. டிரைவர் ‘ரிவர் பூஜா’ என்று முடித்துவிட்டார்.

இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

தாராசுரம் கோயில் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு ராஜாக்கள் கதை கிடைக்கிறது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்க மெழுகு உருவத்தின்மேல் பூசுவது இதே ஆற்றின் வண்டல் மண்தான் என்பதோ, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள் என்பதோ எத்தனை பேர் காதுக்குப் போகிறது? பட்டறைக்கு எப்போது போகலாம், யாரிடம் கேட்டுக்கொண்டு நுழையலாம் என்றும் தெரியாது.

அதனால் அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு கையேடு. படித்துறையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரு பலகை. எந்த நாளில் என்ன நடக்கிறது, எங்கே கேமராவை உள்ளே வைக்க வேண்டும், முன்கூட்டிச் சொன்னால் எந்த வீட்டில் சாப்பாடு கிடைக்கும், என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெளியாட்களிடம் எழுதக் கொடுத்துவிட வேண்டாம். தொழில் செய்கிறவர், சடங்கு செய்கிறவர் வாயால் சொல்ல நாம் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்குப் போகட்டும். வேண்டாம் என்கிறவர் வீட்டு வாசலை யாருக்கும் காட்டக் கூடாது. வரும் பணமும் சமைத்தவர், கற்றுக்கொடுத்தவர் கைக்கே நேராகப் போக வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

பெரியம்மா சொன்னதை ஏற்கெனவே நாலு பக்கம் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் ஆக்கப் பள்ளிக்கூட டீச்சர்களைக் கேட்கலாம். நோட்டோடு சபைக்கு வருகிறேன். பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
படித்துறைத் தெரு மகள்