குவாண்டம் பூட்டை உடைத்துப் பார்க்கவும் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குவாண்டம் தகவல் தொடர்பு பற்றி எந்த நாளிதழில் செய்தி வந்தாலும் ‘ஒட்டுக்கேட்கவே முடியாதது’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. எத்தனை கிலோமீட்டர் என்பது தலைப்பாகிவிடுகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 6,003.65 கோடி ரூபாய் தேசிய குவாண்டம் திட்டத்திலும் 2,000 கி.மீ. தூரத்துக்குப் பாதுகாப்பான தொடர்பு என்ற இலக்கே முன்னால் நிற்கிறது. தகவல் தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடியில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் துணையோடு அமைவதால், முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இங்கே ஆய்வுப் பணிகள் கிடைக்கும். அவர்களில் ஒரு பகுதியினரையாவது, தூரத்தைக் கூட்டும் வேலையில் அல்ல, ஓட்டை இருக்கிறதா என்று கருவியைத் தாக்கிப் பார்க்கும் வேலையில் அமர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் தூரக் கணக்கு. குவாண்டம் முறையில் ஒளித்துகள்களான போட்டான்களில் அனுப்பப்படுவது செய்தியல்ல, செய்தியைப் பூட்டும் சாவி; நடுவில் யாராவது அவற்றை அளந்தால் பிழை கூடி அது தெரிந்துவிடும் என்பதே இதன் பாதுகாப்பு. 1550 நானோமீட்டர் ஒளி, நல்ல ஃபைபரில் கி.மீ.க்கு 0.2 டெசிபல் இழக்கும் (10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒன்றே மிஞ்சும்). 100 கி.மீ.யில் நூறில் ஒரு போட்டான் மிஞ்சும், 200 கி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒன்று. விநாடிக்கு 100 கோடி துடிப்புகள், துடிப்புக்குச் சராசரி 0.5 போட்டான், பெறும் கருவிக்குள் பாதி இழப்பு, போட்டானைப் பதிவு செய்யும் டிடெக்டரின் திறன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ.யில் விநாடிக்கு 5 லட்சம் பதிவுகள் வரவேண்டும். ஆனால் இண்டியம் காலியம் ஆர்சனைடு குறைகடத்தி டிடெக்டர் ஒருமுறை பதிவு செய்தபின் போலிப் பதிவுகளைத் தவிர்க்க ஏறத்தாழ 10 மைக்ரோ விநாடி கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் 0-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று என்று உள்ள இரண்டு டிடெக்டர்களும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டாது. 200 கி.மீ.யில் சிக்கல் வேறு. உண்மைப் பதிவு 5,000 மட்டுமே. ஒளியே இல்லாதபோதும் ஒவ்வொரு டிடெக்டரும் விநாடிக்கு 1,000 முறை பதிவு செய்தால் மொத்தம் 7,000. இருட்டுப் பதிவுகளில் பாதி தவறாகவே விழும் என்பதால் பிழை 14 சதவீதம். பிபி84 என்ற முதல் குவாண்டம் சாவி முறையில் பிழை 11 சதவீதத்தைத் தாண்டினால் சாவியே கிடைக்காது. மீகடத்தி நானோகம்பி டிடெக்டர் போட்டால் இது தீரும். அதற்குச் சுமார் 2 கெல்வின் (மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) வரை குளிரூட்ட வேண்டும்.

அதனால்தான் நீண்ட தடங்களில், சாவியை வாங்கி அடுத்த பகுதிக்கு அனுப்பும் இடைநிலையங்கள் வைக்கிறார்கள். பெய்ஜிங்-ஷாங்காய் தடத்தின் 2,000 கி.மீ.யில் இத்தகைய நிலையங்கள் 32. ஒவ்வொன்றிலும் சாவி பூட்டவிழ்ந்த நிலையில் இருக்கும். அங்கே காவல் காப்பது குவாண்டம் இயற்பியல் அல்ல, வாசலில் நிற்கும் காவலாளி.

தூரத்தை விட எங்களை உறுத்துவது கருவியின் ஓட்டைகள். 2010-இல் லிடர்சன், மக்கரோவ் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் விற்பனையில் இருந்த இரண்டு கருவிகளின் டிடெக்டர்களைப் பிரகாசமான லேசர் ஒளியால் குருடாக்கிக் காட்டினார்கள். அந்த நிலையில் டிடெக்டர் ஒற்றைப் போட்டானை உணராது. தாக்குபவர் போட்டானைத் தானே அளந்துவிட்டு அனுப்பும் வலுவான துடிப்புக்கு மட்டும், அதுவும் அவர் அளந்த அதே அடிப்படையில் (போட்டானை அளக்கும் இரு வழிகளில் ஒன்று) பெறுபவரும் அளந்தால் மட்டும், பதிவு செய்யும். சாவி முழுதும் களவு போகும், பிழை விகிதமோ உயராது. கோட்பாட்டில் தவறில்லை, டிடெக்டர் கோட்பாடு சொன்னபடி நடக்கவில்லை.

அனுப்பும் பக்கமும் அப்படித்தான். வெளியிலிருந்து ஒளியைச் செலுத்தி, துடிப்பில் பிட்டைப் பதிக்கும் மாடுலேட்டரில் பட்டுத் திரும்புவதைப் படித்தால் அதன் அமைப்பு, அதாவது அனுப்பும் பிட், தெரிந்துவிடும். ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர் இருக்கிறதே என்பார்கள். 1550 நானோமீட்டரில் 50 டெசிபல் தடுப்பது வேறு அலைநீளத்தில் அவ்வளவு தடுக்காது; விவரக்குறிப்புத் தாளில் அந்த எண் பெரும்பாலும் இருப்பதில்லை, அளந்துதான் அறிய வேண்டும். லேசர் ஒவ்வொரு துடிப்புக்கும் முழுதாக அணைந்து எரியாவிட்டால் அடுத்தடுத்த துடிப்புகளின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) ஒன்றோடொன்று தொடர்புடையதாகிவிடும். கிகாஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 கோடி துடிப்பு) வேகத்தில் முந்தைய துடிப்பு அடுத்ததன் செறிவையும் மாற்றும். ஒட்டுக்கேட்பவரைப் பிடிக்கச் செறிவை மாற்றி மாற்றி அனுப்பும் ஏமாற்றுத் துடிப்பு முறை, ஒரு துடிப்பு மற்றதைச் சாராது என்று நம்பியிருக்கும் அனுமானம் அங்கேயே தகர்ந்துபோகும்.

இவற்றை ஒவ்வொன்றாக அளப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. பெரிய தலைப்பும் கிடைக்காது. அதனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர் இதைத் தொடத் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்கென்றே மூன்று, நான்கு ஆண்டுப் பணியிடங்கள் வேண்டும். கருவி செய்யும் குழுவுக்குக் கட்டுப்படாத ஆய்வகம் வேண்டும். கண்டுபிடித்த ஓட்டையைத் தயாரிப்பாளருக்குத் தெரிவித்து, குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் வெளியிடும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். எதைச் சோதிப்பது என்பதற்கு 2023-இல் வெளியான ஐஎஸ்ஓ 23837 என்ற சர்வதேசத் தரநிலை நல்ல தொடக்கம்.

செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த செய்திக் குறிப்பு வரும்போது தூரத்தோடு இழப்பு எத்தனை டெசிபல், விநாடிக்கு எத்தனை பிட் சாவி, பிழை எத்தனை சதவீதம், இடைநிலையம் எத்தனை, கருவியைத் தாக்கிப் பார்த்தது யார் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
குவாண்டம் ஒளியியல் ஆய்வாளர்கள் சிலர்,
சென்னை