கோஷம் போட்டவர்கள் திறந்த கதவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அமெரிக்கக் கறுப்பினத்தவர் வீதியில் இறங்கி நீதி கேட்பதற்கு முன்பு தங்கள் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கட்டும், இந்தியர்கள் கோஷமா போட்டார்கள், உழைத்து முன்னேறவில்லையா?’ என்று தங்கள் சென்ற இதழ்க் கட்டுரையில் வந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1974 முதல் 31 ஆண்டுகள் சிகாகோவின் தெற்குப் பகுதி மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றியவள் நான்.

என்னோடு இரவுப் பணி பார்த்த கறுப்பினத் தோழியின் தந்தை, 1950களில் சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவர் குடியிருக்கும் பகுதிகளுக்கு அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட காலம் அது. தரகரிடம் தவணை ஒப்பந்தத்தில் வாங்குவதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்து எட்டு ஆண்டுகள் தவறாமல் கட்டியவர், கை முறிந்து படுத்த ஒரே மாதத்தில் வீட்டை இழந்தார். அந்த ரசீதுகளைத் தோழி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். நூல் போட்டுக் கட்டிய ஒவ்வொரு கட்டின் மேலும் அவருடைய தந்தையின் கையெழுத்தில் ஆண்டு எழுதியிருந்தது. இந்த மனிதருக்கா பொறுப்பைப் பற்றி நாம் பாடம் எடுப்பது? 1968இல் அதே பகுதி மக்கள் சங்கம் அமைத்து, தவணை கட்ட மறுத்துப் போராடியதும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கூரை மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான். பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பாகுபடுத்தி உட்கார வைத்ததை எதிர்த்து, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல், சமையல் வேலைக்கும் துணி வெளுக்கும் வேலைக்கும் நடந்தே போன பெண்களின் ஒழுங்கும் கட்டுப்பாடும் தங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். தங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இந்தியர்களோடு செய்த ஒப்பீடுதான் என்னை அதிகம் நோகடித்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 100 இந்தியர்கள்தான் அங்கே குடியேற முடியும். 1965இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகே என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது. இனப் பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறை சென்றும் நடத்திய போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் அப்போது வந்திருக்காது. படித்தவர்களையும் பயிற்சி பெற்றவர்களையும் பொறுக்கியெடுத்து விசா கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்று உள்ளே போன நாம், கதவைத் திறந்தவர்களைப் பார்த்து ‘உழைக்கத் தெரியாதவர்கள்’ என்கிறோம். நான் போய் இறங்கிய வாரமே, ‘கறுப்பர்கள் இருக்கும் தெருவில் வீடு பார்க்காதே’ என்று எனக்குப் புத்தி சொன்னவர்களும் நம் தமிழர்கள்தான். அன்று தலையாட்டியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்தத் தெருக்களில் வன்முறை இல்லை என்று நான் சொல்லவில்லை. குண்டு பாய்ந்த பதினேழு வயதுப் பையனின் சட்டையைக் கத்தரித்து எடுத்த கை இது. அதற்காக முதலில் அழுபவர்களும், முதலில் எழுந்து நிற்பவர்களும் அந்த மக்களேதான். 1995 அக்டோபரில் லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் வாஷிங்டனில் கூடியபோது, குடும்பத்துக்குத் தாங்கள் செய்யத் தவறியதற்கு வருந்தி உறுதிமொழி எடுத்தார்கள். சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் 2015 முதல் தாய்மார்கள் கோடை மாலைகளில் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார்கள். 2017இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தோழி என்னை அங்கே அழைத்துப் போனார். அடுப்பு மூட்டி, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தட்டு நீட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 2019இல் அதே முனையில் அந்தத் தாய்மார்களில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கி வைத்துவிடவில்லை. நீதி கேட்டு ஊர்வலம் போகிறவர்களும் இவர்கள்தாம். பிள்ளைகளைக் காக்கிறவர்களும் இவர்கள்தாம்.

என் வேண்டுகோள் சிறியது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வந்தது என்பதை அடுத்த இதழில் அரைப் பத்தியாவது வெளியிடுங்கள். படக்குறிப்புகளில் ‘நீக்ரோ’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, மூன்றாவது முறையாக அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.