அது பொழுதுபோக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் நடைபெற்ற ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், "இல்லத்தரசிகள் பொழுதுபோக்காகத் தைத்த அழகிய போர்வைகள்" என்றொரு வரி இருந்தது. அழகிய என்பதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். பொழுதுபோக்கு என்ற சொல்தான் இரண்டு நாளாக என்னை உறங்கவிடவில்லை.

அந்தக் கண்காட்சியில் அரை நாள் இருந்தவள் நான். காலமான தகப்பனாரின் சட்டைகளையும் வேட்டிக் கரைகளையும் வெட்டி ஒரு மகள் தைத்திருந்த போர்வையின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். போர்வையின் ஒரு சதுரத் துண்டில் சட்டைப் பையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். அனுமதி கேட்டுப் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிணைத்துச் சென்ற ஊசியோட்டம் இருபுறமும் ஒரே அளவில் இருந்தது. 30 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்த எனக்கு அதன் அருமை தெரியும். துண்டுக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பிசகினால் இருபதாவது துண்டுக்குள் இரண்டரை அங்குலம் கோணிவிடும். பிறகு பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்கு ரேந்தை என்னும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததையும், திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பே ரேந்தை பின்னிய கூலியைச் சேர்த்து வைத்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதையும் தாங்கள் அறியாதவர் அல்லர். என் தாயாரும் ரேந்தை பின்னியவர். மண்ணெண்ணெய் விளக்கருகே நள்ளிரவு வரை அவர் பின்னியதை ஒரு முகவர் கஜக்கோலால் அளந்து வாங்குவார். சிறு அழுக்கு கண்ணில் பட்டாலும் கூலியைக் குறைப்பார். அந்த ரேந்தை எந்த நாட்டுக்குப் போனது என்பது கடைசி வரை தாயாருக்குத் தெரியாது; பின்னியவர் யார் என்று வாங்கியவர்களும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவியர் தங்கள் பூத்தையலைக் காட்சிக்கு வைத்தபோதும், ரிப்பன் வெட்டிய விருந்தினர்களின் பெயர்கள் செய்தியில் வரிசையாக வந்தன. தைத்த பிள்ளைகளில் ஒருவர் பெயரும் வரவில்லை. அந்த இதழை மடித்து வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், பழந்துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துச் செல்லும் போர்வையின் நான்கு மூலைகளிலும் பூ என்று சொல்லி மடித்த துணித்துண்டுகளை வைக்காவிட்டால், அது நிறைவடைந்ததாக ஏற்பதில்லை. தைத்தவர் பெயரில்லாத செய்தியும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

தாங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது நான் சொன்ன அந்தச் சட்டைப் போர்வைதான். அதன் ஓரத்தில் குத்தியிருந்த சீட்டில் தைத்தவரின் பெயரும் ஊரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவ்விரண்டையும் ஒரே ஒரு வரியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
தக்கலை