பெயரில்லாத பட்டியல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டபோது மழுப்பிவிட்டேன். 19 ஆண்டுகள் உழைத்த நிறுவனத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாத இறுதியோடு கணக்கு முடிகிறது. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு ஓய்வு பெறும் நாள் வேலையில் சேர்ந்த அன்றே தெரியும். அமெரிக்காவில் அப்படியொரு நாள் கிடையாது. 1967-இல் இயற்றப்பட்ட சட்டம், 40 வயது நிரம்பியவர்களை வயதைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது என்கிறது. முதலில் 65 வயது வரை மட்டுமே இருந்த அந்தப் பாதுகாப்பு, பின்னர் 70 வரை நீண்டு, 1986-இல் மேல் வரம்பே இல்லாமல் போனது. சில தொழில்களைத் தவிர, யாரையும் "வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போ" என்று சொல்ல முடியாது. ஆகவே யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

எனக்கு அது இரண்டு ஆண்டுகளாக நடந்தது. புதிய திட்டங்களுக்கு என் பெயர் போகவில்லை. பயிற்சி வகுப்புக்கு விண்ணப்பித்தால் "உங்களுக்கு எதற்கு?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். அதுவரை குறையே எழுதாத ஆண்டு மதிப்பீட்டில் "வேகம் போதாது" என்றொரு வரி முளைத்தது. ஒருநாள் கூட்டத்தில், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். எனக்கு 57 வயதுதான் ஆகிறது, அண்ணா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மேல் எனக்கே இன்றும் கோபம் இருக்கிறது.

நீக்கல் கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. பலரை ஒரே நேரத்தில் நீக்கி, வழக்குத் தொடர மாட்டோம் என்று கையெழுத்துக் கேட்கும் நிறுவனம், அந்தப் பிரிவில் யார் யாரை நீக்கியது, யார் யாரை வைத்துக்கொண்டது என்பதைப் பதவியோடும் வயதோடும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது 1990-இல் வந்த விதி. பெயர்கள் இருக்காது. 31 பேர் கொண்ட எங்கள் பிரிவில் நீக்கப்பட்டவர்கள் 9 பேர். அவர்களில் 7 பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மீதமிருக்கும் 22 பேரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இருவர் மட்டுமே. வயதை வைத்தே ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டேன். 61 என்றிருந்தது, நான் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். 57 என்று இரண்டு வரிகள் இருந்தன. அவற்றில் நான் எந்த வரி என்று சற்று நேரம் விளங்கவில்லை.

இந்தக் காகிதத்தைக் காட்டினாலே வழக்கில் வென்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வழக்கறிஞர் அப்படிச் சொல்லவில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, வயதும் ஒரு காரணம் என்று காட்டினால் போதாது. வயது மட்டும் குறுக்கே வந்திராவிட்டால் வேலை போயிருக்காது என்று தொழிலாளியே நிறுவ வேண்டும். விட்டுவைத்த அந்த இருவரும்தான் நிறுவனத்தின் கேடயம் என்றார் அவர். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க 180 நாள், மாநிலத்திலும் அத்தகைய சட்டம் இருந்தால் 300 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்கள் வேலையின் கடைசி நாளிலிருந்து அல்ல, நீக்கல் அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகின்றன என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

கையெழுத்திட்டால் 22 வாரச் சம்பளம் தருகிறார்கள். யோசிக்க 45 நாள், கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற 7 நாள். இன்று 31-ஆவது நாள். சம்பளத்தைவிட மருத்துவக் காப்பீடுதான் என்னை அச்சுறுத்துகிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடு 65 வயதில்தான் தொடங்கும். நிறுவனத்தின் காப்பீட்டையே முழுப் பிரீமியத்தையும் நானே கட்டி 18 மாதம் தொடரலாம். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. குடியுரிமை பெற்றுவிட்டதால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய கவலை மட்டும் இல்லை.

வேலை தேடத் தொடங்கிவிட்டேன். விண்ணப்பத்திலிருந்து பட்டம் பெற்ற ஆண்டையும் முதல் பத்தாண்டு அனுபவத்தையும் எடுத்துவிடும்படி மகள் சொன்னாள். எடுத்த பிறகு அழைப்புகள் வரத்தான் செய்கின்றன; வீடியோவில் முகத்தைக் கண்டதும் "உங்கள் அனுபவத்துக்கு இது சிறிய வேலை" என்கிறார்கள். சிறிய வேலைதான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் என் வேலையை இரண்டு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று அவர்களில் ஒருவன், பழைய கணினி நிரலில் ஓர் இடத்தைக் காட்டி, இதை எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்றான். எழுதியவன் நான்தான் என்றேன்.

வியாழக்கிழமை மீண்டும் வழக்கறிஞரைப் பார்க்கிறேன். அதற்கு முன் கையெழுத்திட மாட்டேன். அம்மாவுக்கு அனுப்பும் மாதப் பணம் தடைபடாது. உங்கள் பதிலை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.

உங்கள் அன்புத் தம்பி