ஏரிகளையும் ஈரநிலம் என்று எழுதுங்கள்

மாநில ஈரநில ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எது ஈரநிலம், எது இல்லை என்று நீங்கள் போடும் கோட்டில்தான் எங்கள் ஏரிகளின் ஆயுள் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கை இந்தக் கோட்டைத் தாராளமாகவே போட்டது. இயற்கையானதோ மனிதர் வெட்டியதோ, ஆண்டு முழுக்க நீர் நின்றாலும் சில மாதங்களே நின்றாலும் அது ஈரநிலம். கடலோரத்தில் நீர் வற்றும் நேரத்திலும் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத பகுதிகூட அதில் சேரும். கடலோரம், உள்நாடு, மனிதர் உருவாக்கியவை என்ற மூன்று பிரிவுகளில் 42 வகைகள். மூன்றாவது பிரிவில் நெல்வயலும் உப்பளமும் உண்டு. எட்டு ஹெக்டேருக்கு உட்பட்ட குளம் குட்டைகள் ஒரு வகை, அதற்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் இன்னொரு வகை. நம் ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி எல்லாம் இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு ஈரநில விதிகளிலும் ஏரி, குளம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். 2017இல் வந்த புதிய விதிகளோ, ஏற்கெனவே வெளியே இருந்த நெல்வயலோடு, குடிநீருக்கும் பாசனத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் உப்பு எடுப்பதற்கும் என்றே கட்டப்பட்டவற்றையும் வெளியே தள்ளிவிட்டன. தமிழ்நாட்டில் இதற்கு என்ன அர்த்தம்? ஊருக்கு ஊர் இருக்கும் ஏரியே கணக்கில் வராது.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பாசன ஏரிதான். பறவைகள் சரணாலயங்களான கூந்தன்குளம், வடுவூர், கரைவெட்டி எல்லாமே அப்படித்தான். ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியதால் இவை தப்பின. ஆனால் நத்தைகுத்தி நாரை வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரத்தில் கூடு கட்டினாலும், குஞ்சுக்கு இரை தேடப் போவது பக்கத்து ஊர் ஏரிகளுக்கும் வயல்களுக்கும். கூடு இருக்கும் இடம் ஈரநிலம், சோறு கிடைக்கும் இடம் ஈரநிலம் இல்லை என்றால் அந்தப் பாதுகாப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இன்னொன்று, கணக்கெடுக்கும் காலம். மே மாதம் போய்ப் பார்த்தால் ஏரி வெறும் பொட்டல்தான். வெடித்த களிமண், நடுவில் மேயும் மாடுகள். 'இங்கே தண்ணீரே இல்லையே' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த வெடிப்புக்குக் கீழேதான் நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மழைக்காகக் கிடக்கின்றன. ஐப்பசி மழையில் வரத்துக்கால்வாய் நீர் வந்ததும் அவை வெளியே வரும். அவற்றைத் தேடி நாரையும் வரும். காய்ந்து கிடப்பதும் இந்த வகை ஈரநிலத்தின் ஒரு பருவம், அவ்வளவுதான். ஆகவே கள ஆய்வை மார்கழி, தை மாதங்களில் செய்யுங்கள். ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் நீர் வழியும்போது பார்த்தால்தான் உண்மையான எல்லை தெரியும்.

விதியை மாற்ற வேண்டியது ஒன்றிய அரசு என்பது சரி. அதுவரை, 'பாசனத்துக்கென்றே கட்டப்பட்டது' என்ற வரியைக் குறுக்கிப் பொருள் கொள்ள உங்களால் முடியும். கால்நடை நீர் குடிப்பதும், மீன் பிடிப்பதும், ஊர்க் கிணறுகள் ஊறுவதும் ஒரே ஏரியால் என்றால், அது எப்படிப் பாசனத்துக்கு மட்டும் ஆகும்? மாவட்டவாரிப் பட்டியலில் இந்த ஏரிகளை ராம்சார் வகை எண்ணோடு சேருங்கள். வரத்துக்கால்வாயையும் வரைபடத்தில் காட்டுங்கள். வரைவுப் பட்டியலைத் தமிழில், கிராம சபையில் வாசித்த பிறகு இறுதி செய்யுங்கள். விதியைத் திருத்தச் சொல்லி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஆணையத்தின் பெயரிலேயே எழுதுங்கள்.

நன்றியுடன்,
ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்க்காரன்