யார் வீட்டு மேளம்?

ஏற்காடு,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஒன்பது நிமிடப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை நான் அழுததாக உன் அம்மா சொல்லியிருப்பாள். நம்பாதே, மிளகுத் தூசி. இரண்டாம் முறை ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் முறை கதையை விட்டுவிட்டு, காட்சிகளை ஒட்டியிருக்கும் இடங்களை மட்டும் கவனித்தேன். சேலத்துத் தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்தவனுக்கு அந்தப் புத்தி போகாது. போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால்தான் கடிதம்.

ஒருவர் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதைப் படமும் ஒலியும் எழுத்தும் சேர்ந்து எப்படிச் சொல்கின்றன என்பதுதான் உன் பாடம் என்று எழுதியிருந்தாய். பிடித்ததை முதலில் சொல்கிறேன். காப்பிக் களத்தில் பலகையால் கொட்டையைத் தள்ளுகிற இடத்தில் நீ இசை வைக்கவில்லை. சரசரவென்று அந்தச் சத்தம் மட்டும் போகிறது. மார்கழிக் குளிர் தானாக உடம்பில் ஏறியது.

தொடக்கத்தில் வரும் டிரோன் காட்சி எனக்கு ஒட்டவில்லை. ஏரி, மேகம், 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவை எண்ணுவது சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பழக்கம். கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிற நாம், வாந்தி எடுக்கிற குழந்தை எந்தச் சீட்டில் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். போகட்டும், அழகாக இருக்கிறது.

போகவிட முடியாதது நான்காம் நிமிடம். ஆயாவின் முகம் வருகிறது. கீழே ஆங்கிலத்தில் 'மலையாளிப் பழங்குடி' என்று எழுத்து ஓடுகிறது. உடனே கேரளத்துச் செண்டை மேளம் முழங்குகிறது. எழுத்தில் தப்பில்லை. அரசுப் பட்டியலிலும் சேலம் மாவட்டத்தில் நம் பெயர் மலையாளிதான். செண்டையும் நல்ல வாத்தியம். இரண்டையும் ஒரே நொடியில் வைத்தாய் பார், அங்கேதான் பொய் பிறந்தது. மெல்பர்னில் உன்னோடு படிப்பவர்கள் பெயரைப் படித்திருப்பார்கள், மேளத்தைக் கேட்டிருப்பார்கள், கேரளம் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

மலையை ஆள்கிறவன் மலையாளி என்பது உன் தாத்தா சொல்லும் விளக்கம். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் நம் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. வரலாறாக அது எவ்வளவு தேறும் என்பது வேறு பேச்சு. பிறந்தது முதல் தமிழ் பேசி, காஞ்சியைப் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளும் கிழவியை ஒரே மேளத்தில் பாலக்காட்டுக்கு அப்பால் அனுப்பிவிட்டாய். ஆயா போனைக் காதருகில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "யார் வீட்டு மேளம் இது? யார் போய்விட்டார்கள்?"

வேடிக்கை என்னவென்றால், மலையாளத்துக்கும் சேலத்துக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1938இல் நம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. ஏற்காடு சாலையில் அந்த நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது, உன் படத்திலும் இரண்டு நொடி வந்து போகிறது. செண்டை அங்கே முழங்கியிருந்தால் நான் கை தட்டியிருப்பேன்.

அடுத்து, ஆயாவின் முகம் கரைந்து பழைய கறுப்பு வெள்ளைப் படமாக மாறுகிறது. அந்த மாதிரிப் படங்கள் எடுத்த காலத்தில் மனிதர்களை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூலை எழுதிய ஆங்கிலேயர் தர்ஸ்டன், ஆட்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். நீ மரியாதையாக நினைத்துத்தான் இணைத்திருப்பாய். ஆனால் ஒரு முகம் கரைந்து இன்னொன்றாக மாறினால், இரண்டும் ஒன்று என்று பார்ப்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். ஆயாவும் அளவெடுக்கும் பொருளாகிவிட்டாள்.

இதைவிட எனக்கு வலித்தது ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்கு 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். புரொஜக்டரில் லூப், அதாவது பிலிமைத் தளர்வாக விடும் வளையம், சரியாக விடாவிட்டால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கீழே விசில் பறக்கும், முதலாளி மாடிக்கு ஓடி வருவார். நீயோ ஆயாவின் குரலை முழுதாக எடுத்துவிட்டு, அவள் உதடு அசையும்போதே உன் ஆங்கிலக் குரலில் 'மௌனமான இந்த மலை முகங்கள்' என்று பேசுகிறாய். மௌனமா? ஆயாவா?

அன்று உன் கேமராவுக்குக் குடை பிடித்து நின்றவன் நான். ராகியைப் புடைத்துக்கொண்டே அவள் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. "நிழலில் நில்லடி, கறுத்துப்போய்த் திரும்பினால் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்" என்றாள். பிறகு நீ பிறந்த வருடத்து மழையைப் பற்றி, உன்னைத் துணியில் சுற்றி மலையிறக்கியதைப் பற்றிச் சொன்னாள். உன்னைத் திட்டவும் தூக்கிச் சுமக்கவும் உரிமை உள்ளவள் அவள். நீ தேடுகிற சொந்தம் அதில்தான் இருந்தது. அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறாய்.

வகுப்பில் பாராட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம், மதிப்பெண்ணை நான் குறைக்கச் சொல்லவில்லை. அன்று பதிந்த ஒலி அழியாமல் இருந்தால் அதை மட்டும் எனக்கு அனுப்பு. ஆயா கேட்க வேண்டுமாம். தான் திட்டியது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

மிளகு காய்ந்ததும் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா